வெளிக்கிடுதலும் ‘செற் அவுட்’டும்

தீவுப்பகுதியில் ஆங்கிலம் படிப்பித்துக் காலங்கழித்த ஓர் உபாத்தியாயனுக்குச் சொற்களை ஆராய்வதற்குப் புத்தக அலுமாரியைக் காட்டிலும் இறங்குதுறையே உகந்த இடம் என்று சொன்னால், பட்டினத்து நண்பர்கள் நகைப்பார்கள். ஆயினும் என் அனுபவம் அதுவே. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகளை எதிர்பார்த்து நான் நின்ற காலைப்பொழுதுகளை எண்ணினால், அவை என் வகுப்பறை நாள்களுக்கு அதிகம் குறைந்தவை அல்ல. அங்கே காற்றோடு காற்றாக என் காதில் விழுந்துகொண்டேயிருக்கும் சொல் ஒன்று உண்டு. அது ‘வெளிக்கிடு’ என்பது.

“கெதியா வெளிக்கிடு பிள்ளை, லோஞ்ச் போயிடும்” என்று தாய் மகளை விரைவுபடுத்துவாள். “ஐயா வெளிக்கிட்டிட்டாரோ?” என்று ஒருவர் கைத்தொலைபேசியில் விசாரிப்பார். மறுமுனையிலிருந்து “ஓம், வெளிக்கிட்டிட்டார்” என்று விடை வரும். அந்த விடையை நம்பிப் படகோட்டியை மறித்து நின்றவர்கள் ஏமாந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஏனெனில் ‘வெளிக்கிட்டிட்டார்’ என்றால் வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டார் என்றும் பொருள். வேட்டி சால்வை தரித்துப் புறப்படுவதற்கு ஆயத்தமாகிவிட்டார் என்றும் பொருள். ஐயா கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைவாரிக்கொண்டிருக்கவும் கூடும். சொன்னவர் பொய் சொன்னாரென்று சொல்ல முடியாது. சொல்தான் அவ்வளவு அகன்றது.

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று மாணாக்கர் கேட்கும்போதெல்லாம் ‘செற் அவுட்’ என்று விடையிறுத்து வந்தேன். பல ஆண்டுகள் அந்த விடை எனக்குப் போதியதாயிருந்தது. அண்மையில் ஒரு மாணவியின் கட்டுரை அந்த விடையை என்னிடமே திருப்பிக் கேள்வியாக்கித் தந்தது. அக்கதையைச் சொல்வதே என் நோக்கம். ஆயினும் அதற்கு முன் ‘செற் அவுட்’ எத்தகைய சொல் என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

ஆங்கிலம் கற்போரை மருட்டுவன அம்மொழியின் நீண்ட சொற்கள் அல்ல. நீண்ட சொற்களை அகராதியிற் கண்டுகொள்ளலாம். மருட்டுவன சிறிய சொற்களே. ‘செற்’ என்னும் ஓரசை வினையை எடுத்துக்கொள்வோம். அது இறந்தகாலத்திலும் ‘செற்’, எச்சத்திலும் ‘செற்’. முகம் மாறாத சொல். 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலே மிக நீண்ட விளக்கத்தைப் பெற்ற சொல் இதுவே. 400க்கு மேற்பட்ட பொருள்கள் அதற்கு அங்கே வகுக்கப்பட்டன. இந்த வினையோடு ‘அவுட்’, ‘ஓஃப்’, ‘இன்’, ‘அப்’ ஆகிய சிறு சொற்களுள் ஒன்று ஒட்டிக்கொண்டால் புதியதொரு வினை பிறந்துவிடுகின்றது. பிறந்த குழந்தைக்குத் தாயின் சாயலும் இராது, தந்தையின் சாயலும் இராது. ‘செற்’ என்றால் வை. ‘அவுட்’ என்றால் வெளியே. இரண்டையுங் கூட்டினால் ‘வெளியே வை’ என்றுதானே வரவேண்டும்? பயணம் எங்கிருந்து வந்தது?

இவ்வியப்பு நமக்கு மட்டும் உரியதன்று. 1755ஆம் ஆண்டில் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், அதன் முன்னுரையிலேயே இவ்வகைச் சேர்க்கைகளைப் பற்றிப் பேசுகிறார். வேறெம்மொழியிலும் இல்லாத அளவுக்கு ஆங்கிலத்தில் இவை மலிந்து கிடக்கின்றன என்பதும், பிறமொழியாளருக்குப் பெருந்தொல்லை தருவன இவையே என்பதும் அவர் கருத்து. அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ‘செற் அவுட்’டும் ஒன்று. பயணத்தை அல்லது ஒரு போக்கைத் தொடங்குதல் என்று அதற்கு அவர் பொருள் கூறினார். இவற்றுக்கெனத் தனிப்பெயர் ஒன்று வழக்கில் வந்தது மிகப் பிந்தியே. லோகன் பியர்சால் சிமித் என்பார் 1925இல் வெளியிட்ட நூலில் ஆண்ட பெயரே இன்று பாடநூல்களில் வழங்குகின்றது. நாம் இக்கட்டுரையில் அவற்றைக் ‘கூட்டுவினை’ என்போம்.

‘செற் அவுட்’ என்னுங் கூட்டுவினைக்கு இன்று நான்கு பொருள்களை மாணாக்கர் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, பயணம் புறப்படுதல். நெடுந்தீவு யாத்திரிகர் விடியுமுன் நயினாதீவுக்குப் புறப்பட்டனர் என்று எழுதும்போது இச்சொல் பொருந்தும். போகுமிடத்தைச் சொல்ல வேண்டின் அதன்பின் ‘ஃபோர்’ என்னும் உருபு வருதல் வேண்டும். ‘ரு’ என்னும் உருபை இட்டு இடப்பெயரை எழுதுவது நம் மாணாக்கரிடம் நிலைத்துவிட்ட பிழை. ‘குறிகட்டுவானுக்கு’ என்பதிலுள்ள நான்காம் வேற்றுமையே அவர்களை அப்படி இழுத்துச் செல்கின்றது.

இரண்டாவது, ஒரு கருமத்தைச் செய்துமுடிக்கும் நோக்கோடு தொடங்குதல். இங்கேதான் ‘ரு’ வரும். ஆனால் அதன்பின் இடப்பெயர் அன்று, வினை வரும். தீவின் தாவரங்களையெல்லாம் பட்டியலிட முற்பட்டார் என்பது போன்ற வாக்கியத்துக்கு இது பொருந்தும். கருமம் முடிந்ததோ இல்லையோ என்பதைச் சொல் காட்டாது. நோக்கை மட்டும் காட்டும்.

மூன்றாவது, பொருள்களை ஒழுங்காகப் பரப்பிவைத்தல். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் வீதியோரத்துக் கடைக்காரர் வளையல்களையும் விளையாட்டுச் சாமான்களையும் சாக்கின்மேற் பரப்பி வைக்கிறார்களல்லவா? அதுவும் ‘செற் அவுட்’தான். இப்பொருளில் பெயர்ச்சொல்லை வினைக்கும் இடைச்சொல்லுக்கும் நடுவே வைக்கலாம். பிரதிப்பெயராயின் நடுவில்தான் வைத்தல் வேண்டும்.

நான்காவது, கருத்துகளை முறையாக எடுத்துரைத்தல். படகுச் சேவையில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக விண்ணப்பத்தில் விவரித்தோம் என்று எழுத வேண்டுமானால் இச்சொல் நன்கு உதவும். சந்தையில் வளையலைப் பரப்புபவரும் விண்ணப்பத்தில் நியாயத்தைப் பரப்புபவரும் ஆங்கிலத்தில் ஒரே வினையைச் செய்கின்றனர். ‘வெளியே வை’ என்ற மூலப்பொருள் இவ்விரண்டு இடங்களிலும் தெளிவாகத் தெரிகின்றது.

இனி, புறப்படுதல் என்னும் முதற்பொருளுக்கு ஒத்த சொற்களைப் பார்ப்போம். ஒத்தசொல் என்று அகராதி கூறுபவை ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கத்தக்கவை என்று எண்ணுவதே மொழி கற்போர் செய்யும் முதற்பிழை. ‘செற் ஓஃப்’ என்பதும் புறப்படுதலே. ஆனால் அதில் அந்தக் கணத்தின் அசைவு தெரியும். கயிறு அவிழ்ந்தது, இயந்திரம் முழங்கியது, படகு நகர்ந்தது என்றால் அது ‘செற் ஓஃப்’. ‘செற் அவுட்’டில் மனம் முன்னே போகின்றது, நெடிய வழியும் அதன் முடிவில் ஓரிடமும் கண்ணுக்குத் தெரிகின்றன. ‘செற் ஓஃப்’ என்பதற்குப் பட்டாசு முதலியவற்றை வெடிக்கச் செய்தல் என்ற பொருளும் உண்டு. ‘ஸ்ரார்ட்’ என்பது வெறுந் தொடக்கம். ‘டிப்பார்ட்’ என்பது அறிவித்தற் பலகைக்கு உரிய சொல். கப்பலும் புகையிரதமும் செய்யத்தக்கது. பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ‘டிப்பார்ட்’ பண்ணினான் என்று எழுதினால் ஆங்கிலேயன் சிரிப்பான். ‘செற் போர்த்’ பழைய நூல்களில் வாழ்கின்றது. ‘செற் செயில்’ என்பது பாய்விரித்த காலத்துச் சொல். இன்று இயந்திரப் படகுக்கும் அது வழங்குகின்றது. ‘லீவ்’ என்பது இவை எல்லாவற்றிலும் எளியது. ஆனால் அது முன்னே பாராது, பின்னே பார்க்கும். போகுமிடத்தை அன்று, விட்டு நீங்கும் இடத்தையே அது முதலில் நினைக்கும்.

இந்த வேற்றுமையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ‘செற் அவுட்’ முன்னே பார்க்குஞ் சொல்; ‘லீவ்’ பின்னே பார்க்குஞ் சொல். என் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கின்றது.

இப்பொழுது நமது ‘வெளிக்கிடு’வுக்கு வருவோம். இதுவும் ஒருவகைக் கூட்டுவினையே என்பது எவருக்கும் புலனாகும். ‘வெளி’ என்னுஞ் சொல் அதன் உள்ளே ஒளியாமல் நிற்கின்றது, ஆங்கிலத்தின் ‘அவுட்’ நிற்பது போல. அதன் வழக்குகளை எண்ணினால் மூன்று கிடைக்கின்றன. புறப்படுதல் ஒன்று. ஒரு காரியத்தில் துணிந்து இறங்குதல் மற்றொன்று. “எனக்கே படிப்பிக்க வெளிக்கிட்டிட்டாய்” என்று மாமன் மருமகனை ஏசும்போது யாரும் எங்கும் பயணம் போகவில்லை. அவ்விடத்தில் ஆங்கிலேயனும் ‘செற் அவுட்’ என்றே சொல்லக்கூடும். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ‘வெளியே’ என்ற ஒரே எண்ணத்திலிருந்து பயணத்துக்கும், பயணத்திலிருந்து துணிவுக்கும் ஒரே வழியாக நடந்து வந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கின்றது.

மூன்றாவது வழக்கு உடுத்துச் சிங்காரித்தல். “வடிவா வெளிக்கிட்டுப் போறாள்” என்றால் அழகாக உடுத்திக்கொண்டு போகிறாள் என்பது கருத்து. இது நமக்கே உரியது, ஆங்கிலத்தில் இல்லை என்றுதான் நான் நெடுங்காலம் படிப்பித்தேன். பின்னர் ஜோன்சனின் முன்னுரையை மீண்டும் வாசித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ‘செற் ஓஃப்’ என்பதற்கு அவர் அங்கே காட்டிய பொருள் புறப்படுதல் அன்று, அலங்கரித்தல். இன்றைக்கும் பச்சைச் சேலை அவள் நிறத்தை எடுத்துக்காட்டுகிறது என்று சொல்ல ஆங்கிலத்தில் இக்கூட்டுவினை வழங்குகின்றது. ஆக, ஆங்கிலேயருடைய வாயிலும் புறப்படுதலும் பொலிவு பெறுதலும் ஒரே சொல்லில் வந்து தங்கியுள்ளன. வீட்டைவிட்டு நாலுபேர் நடுவே போகிறவன் தன்னைச் சற்றுத் திருத்திக்கொண்டு போகிறான் என்பது தீவுக்கும் இலண்டனுக்கும் பொது.

பரப்பிவைத்தல், எடுத்துரைத்தல் என்னும் மற்ற இரண்டு பொருள்களும் ‘வெளிக்கிடு’வுக்கு இல்லை. ஆகவே இருசொற்களும் பாதி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு பாய்களைப் போன்றவை. ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பு என்று எழுதிவைத்தால், மேற்படிந்த பாதிக்கு அது உண்மை. மற்றப் பாதிக்குப் பொய்.

ஆங்கிலக் கூட்டுவினையைக் கண்டு அஞ்சும் நம்மவர், நம் மொழியைக் கற்கவரும் அயலாரின் துன்பத்தையும் சற்று நினைக்க வேண்டும். ‘சொன்னான்’, ‘சொல்லிவிட்டான்’, ‘சொல்லிப்போட்டான்’, ‘சொல்லிக்கொண்டான்’, ‘சொல்லிவைத்தான்’ என்பவற்றில் விடுவதற்கும் போடுவதற்கும் கொள்வதற்கும் வைப்பதற்கும் என்ன பொருள் இருக்கின்றது? சொன்ன செய்தியை யார் எங்கே போட்டார்? நாம் தாய்ப்பாலோடு பெற்றதால் இவை நமக்குக் கடினமாய்த் தோன்றவில்லை.

தமிழ்ச் சொற்களை அயல்மொழியோடு இணைத்துப் பார்க்கும் முயற்சி பழையது. அந்தாம் தெ புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் மலையாளக் கரையிலுள்ள அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அதனை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக்கி உலகறியச் செய்தவர், ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளார் என்பது தீவுப்பகுதியார் பெருமைப்படத்தக்க செய்தி. யாழ்ப்பாணத்துச் சேர்ச் மிசனைச் சேர்ந்த நைற் பாதிரியார் தொடங்கிய தமிழ்–ஆங்கில அகராதிப் பணி, உடுவிலிலும் பின்னர் சென்னையிலும் வாழ்ந்த வின்சிலோவின் கையில் நிறைவெய்தி 1862இல் வெளிவந்தது. அதிலே 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. இவர்கள் உழைப்பை நான் தலைமேற் கொள்கிறேன். ஆனால் எந்த அகராதியும் சொல்லுக்குச் சொல்தான் தரமுடியும். சொல்லுபவர் நின்ற இடத்தைத் தரமுடியாது.

சொல்லுபவர் நின்ற இடம் என்றேன். நம் தீவுகளில் அந்த இடம் பெரும்பாலும் கடற்கரையே. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கயிற்ஸ்’ என்னும் பெயர், இறங்குதுறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. அங்கிருந்து யானைகள் கப்பலேற்றப்பட்டன. பின்வந்த ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று, நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்பதே ஆங்கிலத்தில் நிலைத்தது. ஏனையவை படங்களோடு நின்றன.

அவர்களுக்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே, பன்னிரண்டாம் நூற்றாண்டில், முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிற் பொறித்த சாசனம் ஒன்று நயினாதீவில் உண்டு. அன்று ஊராத்துறை எனப்பட்ட ஊர்காவற்றுறையிலே பரதேசிகள் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. யானை குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும், வேறு சரக்கேற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் என்று அது வகுக்கின்றது. வெளிக்கிட்டவர் எல்லாரும் வந்துசேர்வதில்லை என்பதை அரசனும் அறிந்திருந்தான், கல்லிலும் எழுதினான்.

‘வெளிக்கிடு’ என்பதும் ‘செற் அவுட்’ என்பதும் தொடக்கத்தை மட்டுமே கூறும் சொற்கள். சேர்தல் அவற்றில் இல்லை. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ‘குமுதினி’ என்னும் படகிலே நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வெளிக்கிட்டவர்களுள் குறைந்தது 23 பேர் நடுக்கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். வெட்டியவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சி கூறினர். அந்தக் காலையைப் பற்றித் தீவில் எவரும் பேசும்போது ‘வெளிக்கிட்டவை’ என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வாக்கியத்தின் மற்றப் பாதியை யாரும் கேட்பதில்லை. ‘போறன்’ என்று சொல்லாமல் ‘போட்டு வாறன்’ என்று சொல்லிப் படியிறங்கும் நம் வழக்கம், சொல்லில் இல்லாத அந்த மற்றப் பாதியைச் சொல்லியே கூட்டிக்கொள்ளும் வழக்கம் என்று நான் நினைப்பதுண்டு.

இனி என் மாணவியின் கதை. ஓய்வுபெற்றபின் வேலணைப் பக்கத்து வாசிகசாலை ஒன்றிலே வாரவிறுதிகளில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ‘எங்கள் வீட்டில் மறக்கமுடியாத ஒரு நாள்’ என்று ஒருமுறை கட்டுரை கொடுத்தேன். பலர் பிறந்தநாள் விழாவையும் திருவிழாவையும் எழுதினர். ஒரு பிள்ளை, தான் பிறப்பதற்கு முன் நடந்த நாளை எழுதியிருந்தாள். 1990 ஆகஸ்ட் மாதத்தில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது அவளுடைய அம்மம்மா வீட்டைவிட்டு நீங்கிய நாள் அது. அதன் முதல் வாக்கியத்திலே, அம்மம்மா பிள்ளைகளுடன் ‘செற் அவுட்’ பண்ணினா என்று இருந்தது.

என் கை வழமைபோலச் சிவப்பு மையால் அதை வெட்டியது. பக்கத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதினேன். பிள்ளை எழுந்து நின்றாள்.

“சேர், வெளிக்கிடுறதுக்கு இங்கிலீசிலை ‘செற் அவுட்’ எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்? அம்மம்மா வெளிக்கிட்டனாங்கள் எண்டுதான் எப்பவும் சொல்லுறவ.”

போகுமிடமும் போகும் எண்ணமும் உள்ளவர்தாம் ‘செற் அவுட்’ செய்ய முடியும் என்று விளக்கினேன். அப்படியானால் எதை எழுதுவது என்று கேட்டாள். ஆபத்துக்கு அஞ்சி ஓடுவதைக் குறிக்கும் ‘ஃபிளீ’ என்னுஞ் சொல்லைக் கூறினேன். பத்திரிகைகளும் அறிக்கைகளும் அகதிகளைப் பற்றி எழுதும்போது ஆளுஞ் சொல் அது. பிள்ளையின் முகம் சுருங்கியது.

“அம்மம்மா ஓடேல்லை சேர். நடந்துதான் போனவ.”

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு விடை தோன்றவில்லை. மூன்று தசாப்தங்களுக்கு மேல் கூட்டுவினைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டிய நான், ஒரு மூதாட்டி தன் வீட்டுப்படியை விட்டிறங்கிய செயலுக்கு ஒரு வினையைக் கண்டுகொள்ள முடியாமல் நின்றேன். மறுநாள் பிள்ளையோடு அவர் வீட்டுக்குப் போனேன். வந்த காரணத்தைச் சொல்லச் சற்று வெட்கமாயிருந்தது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்காக ஒருவரின் பழைய துயரத்தைக் கிளறலாமா? ஆனால் அவர் அதைக் கிளறலாக எண்ணவில்லை.

“மாஸ்ரர், ஆர் விரும்பி வெளிக்கிட்டது? அடுப்பிலை உலை கொதிச்சபடி கிடந்தது. கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு வெளிக்கிட்டனாங்கள். ரண்டு நாளிலை வந்திடலாம் எண்டுதான் நினைச்சனாங்கள். வள்ளத்திலை ஏறேக்கை பிள்ளையளுக்கு நல்ல உடுப்புப் போட்டுத்தான் கொண்டு போனனான். மற்றாக்களின்ரை வீட்டிலை போய் நிக்கப் போறம் எல்லே?”

அந்தச் சில வாக்கியங்களில் என் இலக்கணம் முழுவதும் இருந்தது. நல்ல உடுப்புப் போட்டாரே, அதுவும் வெளிக்கிடுதல். படியிறங்கினாரே, அதுவும் வெளிக்கிடுதல். ஆனால் துணிந்து இறங்குதல் என்ற பொருள் அங்கே இல்லை. “ஆர் விரும்பி” என்று அவரே அதை விலக்கிவிட்டார். இரண்டு நாள் என்று எண்ணிப் பூட்டிய கதவு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பின்னர் அவர்கள் திரும்பி வந்தபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. திறப்பு மட்டும் கையில் இருந்தது. அதை அவர் இன்றும் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டினார்.

“அப்ப திரும்பி வந்த அண்டைக்கு?” என்று பிள்ளை கேட்டாள்.

“அண்டைக்கு எல்லோ மோளே நான் உண்மையா வெளிக்கிட்டனான்” என்றார் அவர். “விடிய மூண்டு மணிக்கே குளிச்சுச் சீலை மாத்திப்போட்டு இருந்தனான்.”

அடுத்த வாரம் பிள்ளை கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். 1990ஆம் ஆண்டை எழுதிய இடத்தில் ‘லீவ்’ என்னும் வினையை வைத்திருந்தாள். அம்மம்மா வீட்டை விட்டு நீங்கினா, அவ்வளவே. பின்னே பார்க்குஞ் சொல். திரும்பிவந்த நாளை எழுதிய இடத்தில் ‘செற் அவுட்’ என்று எழுதி, அதன்பின் ‘ஃபோர்’ என்னும் உருபிட்டு, ஊரின் பெயரை எழுதியிருந்தாள். எடுத்துப்போன திறப்பைப் பற்றியும் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தாள். அதில் ஓர் இறந்தகாலப் பிழை இருந்தது. அதை மட்டும் பென்சிலால் மெல்லத் திருத்திக் கொடுத்தேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு நான் இதனால் சொல்ல விரும்புவது ஒன்றே. கூட்டுவினைகளைப் படிப்பிக்கும்போது வலப்பக்கம் ஆங்கிலமும் இடப்பக்கம் தமிழுமாகக் கோடு கிழித்துப் பட்டியல் கொடுக்கின்றோம். பரீட்சைக்கு அது வேண்டியதே, நானும் கொடுக்கிறேன். ஆனால் பட்டியலைக் கொடுத்தபின், அந்தத் தமிழ்ச்சொல்லை வீட்டில் யார், எப்பொழுது, எந்த முகத்தோடு சொன்னார்கள் என்று பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பாடநூலில் உள்ள ‘புறப்படு’ என்ற பொதுச்சொல்லை மட்டும் கொண்டு பார்த்திருந்தால், எனக்கும் என் மாணவிக்கும் இந்த வேற்றுமை அகப்பட்டிராது. தீவுவழக்கு ஆங்கிலம் கற்பதற்குத் தடையென்று எண்ணி, வகுப்பில் ‘வெளிக்கிடு’ என்ற பிள்ளைகளை நானே முன்பு திருத்தியிருக்கிறேன். அது என் பிழை. ஆங்கிலச் சொல்லின் ஆழத்தை அளக்க என்னிடமிருந்த கயிறு அந்த வழக்குச் சொல்தான்.

இவ்வாரமும் குறிகட்டுவானில் நின்றேன். நெடுந்தீவுக்குப் போகவேண்டிய கருமம் ஒன்று இருந்தது. சோளகக் காற்று ஓய்ந்து கடல் அமைதியாயிருந்தது. பக்கத்தில் ஒரு தாய் கைத்தொலைபேசியில் மகனிடம், “வெளிக்கிட்டிட்டியோ?” என்று கேட்டாள். மறுமுனையில் அவன் என்ன சொன்னானோ தெரியாது. அவள் படகோட்டியைப் பார்த்து, “அஞ்சு நிமிசம் நில்லுங்கோ தம்பி, பெடியன் வெளிக்கிட்டிட்டானாம்” என்றாள்.

படகோட்டி சிரித்துக்கொண்டு கயிற்றை மீண்டும் கட்டினார்.